திடீரென்று முளைக்கிறவர்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

டயர் கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாகச் சமையலறையில் அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்தது. இன்று எனக்கு வார விடுமுறை. மின்விசிறி கிறீச்சிடுவதைப் பற்றியும், மேல்வீட்டுக்காரர்கள் பிழியாமல் காயப்போடும் துணியைப் பற்றியும், பாலில் இருக்கும் பாலின் அளவைப் பற்றியும் காலையிலிருந்து சம்பூர்ணத்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் டைரியைத் துடைத்து என் மடியில் போட்டாள்.

"எனக்குக் காது நோவுதுங். இதுல எழுதி வைங். நேரம் கெடைக்கறப்ப படிச்சுக்கறேன்."

படிக்க மாட்டாள். முப்பத்து மூன்று வருடமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா.

முதல் பக்கத்தில் பெயர், வயது, தொழில் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். நாச்சிமுத்து. ஐம்பத்தேழு. தனியார் பேருந்து ஓட்டுநர், காங்கயம் – ஈரோடு. இரத்த வகை தெரியாது. அந்த இடத்தில் 'முப்பத்தொரு வருடம் விபத்தில்லை' என்று எழுதினேன். இடம் சும்மா கிடப்பானேன்.

இன்றைய எரிச்சல் காப்பி. சம்பூர்ணம் ஓசைப்படாமல் கொண்டுவந்து இடது பக்கம் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். கை பட்டுக் கொட்டியது. ஒரு வாரத்தில் இது மூன்றாவது முறை. வைத்தால் வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டால், "கண்ணு முன்னால வெச்சதுக்கு தண்டோராப் போடோணுமா" என்கிறாள். இப்போது வரும் டம்ளர்களுக்கு அடிப்பாகம் சின்னது, அதுதான் காரணம். பழைய டம்ளர் வைத்த இடத்தில் நிற்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒரு ஆச்சரியத்தை எழுதிவைக்க வேண்டும். இப்போதெல்லாம் மனிதர்கள் நடந்து வருவதில்லை, திடீரென்று முளைக்கிறார்கள்.

இன்று அவல்பூந்துறை தாண்டி ரோடு காலியாக இருந்தது. காலி என்றால் சுத்தமாகக் காலி. சரியாக அந்த நேரத்தில் இடப்பக்கம் ஒரு சைக்கிள்காரர், பின்னால் புல்லுக்கட்டோடு, மண்ணிலிருந்து எழுந்து வந்ததுபோல வண்டிக்கு ஒட்டினாற்போல் வந்து நிற்கிறார். பிரேக்கை அழுத்தினேன். நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு அம்மாள் பையிலிருந்த தக்காளி முழுவதும் என் சீட்டுக்குக் கீழே உருண்டது. கண்டக்டர் சென்னியப்பன் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கிக் கொடுத்தான். என்னோடு பதினான்கு வருடமாக ஒரே வண்டியில் இருக்கிறான், அவனை நான் தவழ விட்டது இதுதான் முதல் தடவை.

"எங்கண்ணா இருந்தாரு அந்தாளு?" என்று கேட்டான்.

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிக்கிற ஆள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குறை மட்டுமே எழுதுகிறேன் என்று பெயர் வரக் கூடாது. கீழ்பவானி வாய்க்கால் பாலத்தை நெருங்கும்போது எதிரே மின்கம்பியில் ஒரு மீன்கொத்தி. காலை நடையிலும் இருந்தது, மத்தியான நடையிலும் அதே கம்பியில் அதே இடத்தில் இருந்தது. கால் கிலோமீட்டர் முன்னாலேயே அதன் நீலம் எனக்குத் தெரிந்துவிட்டது. முன் சீட்டில் இருந்த வாத்தியாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "எங்கீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பாலம் போய்விட்டது. நாற்பது வயதுக்காரர். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

ஈரோடு பஸ் ஸ்டாண்டில் ஓட்டுநர்களுக்கு இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். வண்டி எடுக்க இருபது நிமிடம் இருந்தது, போய் நின்றேன். எழுத்து அட்டையில் மேலிருந்து கடைசி வரிவரை நிறுத்தாமல் படித்தேன். அதற்கும் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்துக் காட்டினேன். வரிசையில் நின்ற மற்ற டிரைவர்கள் கை தட்டினார்கள்.

பரிசோதித்த பெண்ணுக்கு மட்டும் திருப்தியில்லை. என் கண்ணில் விளக்கடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஐயா, நேராப் பாக்கறது நல்லாருக்கு. கண்ணுக்குள்ள அழுத்தம் அதிகமா இருக்கற மாதிரி தெரியுது. அது பக்கவாட்டுப் பார்வையத்தான் முதல்ல திங்கும். கொஞ்சங் கொஞ்சமாப் போறதால நமக்கே தெரியாது. பெரிய ஆஸ்பத்திரில மிஷின் டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பாத்துருங்க."

ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். தெரியாமலே போகிற பார்வையாம். அச்சகத்தின் பெயரைப் படித்தவனிடம் சொல்கிறாள். சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். சம்பூர்ணம் துவைக்கப் போடுவதற்குள் எடுத்து டைரியில் வைத்துவிட்டேன், எதற்கென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சென்னியப்பனுக்கு என்னவோ ஆகிவிட்டது. பதினான்கு வருடமாகப் பின்படிக்கட்டில் நின்றவன், ஒரு வாரமாக முன்படிக்கட்டைவிட்டு நகர்வதில்லை. நின்றால் சும்மா நிற்க வேண்டியதுதானே. "லெப்ட்ல டூவீலருங்." "லெப்ட்ல ஒரு அம்மா வருதுங்." "வரலாம், வரலாம், கொஞ்சம் ரைட்டுல புடிங்." நான் என்ன எட்டுப் போட்டுக் காட்டப் போகிற ஆளா?

அறச்சலூரில் டீ குடிக்கும்போது சொன்னேன். "ஏம்ப்பா, உனக்கு ஸ்டீயரிங் வேணுமின்னா கேளு, குடுத்தர்றேன்."

"சும்மா சொன்னேனுங்ணா."

அவன் பின்னால் போகவே இல்லை. பின்படிக்கட்டில் ஏறியவர்களில் பாதிப் பேர் டிக்கெட் எடுக்காமலே இறங்கிப் போனார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நல்ல சேதி. முதலாளி கதிர்வேல் ஷெட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். ஆயுத பூஜைக்குப் புது வண்டி வருகிறதாம். பெரிய முதலாளி இருந்த காலத்திலிருந்து எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். புது வண்டிக்குப் பூஜை முடிந்ததும் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, விபத்தில்லாத கைதான் முதலில் நகர்த்த வேண்டும். கடைசி ஆறு வண்டியையும் நான்தான் நகர்த்தினேன். இது ஏழாவது.

"இன்னொண்ணுங்ணா. கார்த்திகைல எங்க பஸ் முதலாளிங்க சங்கத்துல உங்களுக்குப் பொன்னாடை போத்தறாங்க. முப்பத்தொரு வருசம். மாவட்டத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிப் போனேன். நிலைக்கதவில் இடது தோள் இடித்து அட்டைப் பெட்டி நசுங்கியது. சம்பூர்ணம் நசுங்கியதைத் தனக்கு எடுத்துக்கொண்டு நல்லதை எனக்குக் கொடுத்தாள்.

செப்டம்பர் 3, புதன்

ஓடாநிலைப் பிரிவில் ஒரு ஆடு குறுக்கே வந்துவிட்டது. வெள்ளாடு, சினை. ஆடு விபத்துக் கணக்கில் வராது.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று எழுதியதில் கொஞ்சம் திருத்தம். குறுக்கே வந்ததாகத்தான் நான் சொன்னேன். ஆட்டுக்காரப் பாட்டி, "அது நின்னுட்டுத்தான இருந்துது, ரோட்டோரமா நின்னுட்டுத்தான இருந்துது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பயணிகள் அவளைச் சத்தம் போட்டு அனுப்பினார்கள். எல்லாரும் என் பக்கம். நாச்சிமுத்து ஓட்டினால் தப்பு நடக்காது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். நான் அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறிவிட்டேன்.

கடைசி நடை முடிந்து டீசல் போடும்போது சென்னியப்பன் பக்கத்தில் வந்தான்.

"அண்ணா, நான் சொன்னாக் கோவிச்சுக்காதீங். ஒருக்கா ஈரோடு போயி கண்ணைக் காட்டிட்டு வாங்."

"என் கண்ணுக்கு என்ன?"

"லெப்ட் சைடு உங்களுக்குத் தெரியறதில்லீங்ணா. ரண்டு மாசமாப் பாக்கறேன். நான் யாருகிட்டயும் சொல்லல. மொதலாளிகிட்டச் சொல்லல, உங்க ஊட்டுலயும் சொல்லல. ஆனா நேத்து ஆடு. நாளைக்கி என்னான்னு எனக்குத் தூக்கம் புடிக்கலீங்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. நீ வேறு வண்டி பார்த்துக்கொள் என்று சொன்னது நினைவிருக்கிறது. நீ விசில் பிடித்ததே நான் கற்றுக்கொடுத்துத்தான் என்றும் சொன்னேன்.

செப்டம்பர் 6, சனி

சென்னியப்பனோடு பேசவில்லை. அவன் முன்படிக்கட்டில் நின்று "லெப்ட்ல ஆட்டோ" என்றான். பேசாமலே ஒதுங்கினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

விடுமுறை. சம்பூர்ணம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலண்டரை நேராகப் பார்த்துக்கொண்டு, இடது கை ஆள்காட்டி விரலைக் காதுப் பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். விரல் கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்தபோதுதான் தெரிந்தது. வலது கையில் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்தது.

அறையில் வெளிச்சம் போதாது. குண்டு பல்பு மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பல்பு மாற்றினேன். அப்படியேதான் இருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

டயர் பார்க்கப் போவதாகச் சம்பூர்ணத்திடம் சொல்லிவிட்டு ஈரோடு போனேன். டிக்கெட் எடுத்துப் பயணியாகப் போனது எத்தனையோ வருடம் கழித்து. வேறு கம்பெனி வண்டி. கியர் மாற்றும்போதெல்லாம் அந்த டிரைவர் வண்டியை அழவைத்தான், எனக்குப் பல் கூசியது.

ஆஸ்பத்திரியில் இருட்டறை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுவிலிருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது மினுக்கென்று வெளிச்சம் தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றும் மினுக்கவில்லை. வெளியே காத்திருப்பவர்கள் எல்லாரும் சட்டுச் சட்டென்று அழுத்தியிருப்பார்களே என்று தோன்றியது. நானும் ஒரு தாளக்கட்டில் அழுத்த ஆரம்பித்தேன். சரியாகத்தான் அமையும் என்று நினைத்தேன்.

டாக்டர் சின்னப் பெண். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "வெளிச்சமே வராதப்பவும் அழுத்தியிருக்கீங்க. மிஷின் காட்டிக் குடுத்துரும்ங்க" என்றாள். மறுபடி எடுக்கச் சொன்னாள். இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். காகிதத்தில் நடுவே கொஞ்சம் வெள்ளை, மற்ற இடமெல்லாம் கறுப்பு. இடது பக்கம் முழுக் கறுப்பு.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"விவசாயமுங்" என்றேன்.

சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாள். நரம்பு போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற மருந்து என்றாள். இன்னும் சில விஷயங்கள் சொன்னாள். டாக்டர்கள் எல்லாரிடமும் சொல்கிறதுதான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் வண்டி எடுக்குமுன் சென்னியப்பன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு நாளாகப் பேசவில்லை. நானே போனேன்.

"நேத்து போயிக் காட்டிட்டு வந்துட்டேன். மிஷின்ல வெச்செல்லாம் பாத்தாங்க."

"என்னங்ணா சொன்னாங்க?"

"கண்ணு காஞ்சிருக்குதாம். சொட்டு மருந்து குடுத்துருக்காங்க. பக்கப் பார்வையெல்லாம் நல்லாருக்குன்னுட்டாங்க. ஒரு வாரத்துல பழையபடி ஆயிரும்."

அவன் முகத்தில் வந்த நிம்மதியை எழுத எனக்குத் தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசி என்றான்.

இதில் பொய் என்று பார்த்தால் ஒரு வரிதான்.

செப்டம்பர் 22, திங்கள்

சந்தோஷமான விஷயம் என்று எழுத ஆரம்பித்தேன். சென்னியப்பன் மொட்டை போட்டிருக்கிறான். நேற்று அதோடு வண்டிக்கு வந்தபோது பயணிகள் ஆளுக்கு ஒரு பேச்சு. யாருக்கு வேண்டுதல் என்று கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடையில்தான் என்னிடம் சொன்னான்.

"உங்க கண்ணு நல்லாருக்குன்னு சொல்லிட்டா முடியெறக்கறேன்னு செவமலைக்கு வேண்டியிருந்தேனுங். ஆயிருச்சு."

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். அந்த டீக்காரன் சர்க்கரையைக் கொட்டி வைக்கிறான்.

இப்போது அவன் முன்படிக்கட்டில் நிற்பதில்லை. பழையபடி பின்னால் நின்று இரண்டு விசில். நான் ரோட்டின் நடுவாகப் பார்த்து மெதுவாக ஓட்டுகிறேன். தலையை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஈரோடு போய்ச் சேர எட்டு நிமிடம் தாமதமாகிறது. கழுத்து வலி.

செப்டம்பர் 26, வெள்ளி

சம்பூர்ணம் குளிர்ப்பெட்டியில் முட்டை வைக்கும் இடத்தில் சொட்டு மருந்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னுங் இது?"

"கண்ணுல தூசி. டிரைவருக்கெல்லாம் வர்றதுதான்."

சரி என்றாள். மாலை வந்து பார்த்தால் நடையில் கிடந்த முக்காலி இல்லை. இடப்பக்கச் சுவரோரம் இருந்த தண்ணீர்க் குடங்கள் இல்லை. காப்பியைக் கொண்டுவந்து என் கைக்குள்ளேயே கொடுத்தாள். விரல் டம்ளரைப் பிடிக்கும்வரை விடவில்லை.

நானும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை.

எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

முந்தாநாள் ஷெட்டில் புது வண்டிக்கு வாழைமரம் கட்டி, மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். நான் புதுச் சட்டை போட்டு ஓட்டுநர் இருக்கையில் இருந்தேன். முதலாளி தேங்காய் உடைத்தார். எலுமிச்சம்பழத்தைச் சென்னியப்பன் வைத்தான், அவன்தான் எப்போதும் வைப்பான். ஷெட்டின் தரை வாட்டம். இடப்பக்க முன்டயருக்கு வைத்த பழம் உருண்டுவிட்டது. அதை எடுத்து மறுபடி வைக்கக் குனிந்திருக்கிறான். பின்னாலிருந்து மெக்கானிக் இரண்டு தட்டுத் தட்டினான். நல்ல நேரம் முடியப் போகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். நான் கிளட்சை விட்டேன்.

பழம் நசுங்கிய சத்தம் என்றுதான் நினைத்தேன். வாழைமரம் அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

சென்னியப்பனின் வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன.

முதலாளி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மனசை உட்றாதீங்ணா. அவந்தான் கையை உட்டான், அவனே சொல்றான். ரோட்டுல நடந்ததில்ல, ஷெட்டுக்குள்ள நடந்தது. உங்க முப்பத்தொரு வருசம் அப்படியேதான் இருக்குது."

அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது. எழுதக் கூசுகிறது. ஆனால் இருந்தது.

அக்டோபர் 4, சனி

டூட்டிக்குப் போனேன். புதுக் கண்டக்டர் விசிலை நீட்டி நீட்டி ஊதுகிறான்.

அக்டோபர் 6, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சென்னியப்பனுக்கு அவன் மனைவி தெய்வானை இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். மொட்டைத் தலையில் பொடிப்பொடியாக முடி வந்திருந்தது.

"எந் தப்புதானுங்ணா. பழத்தைப் பாத்துட்டு உங்களைப் பாக்காம உட்டுட்டேன்" என்றான்.

தெய்வானை அவனைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. ஆரஞ்சுப் பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கிளம்பும்போது கட்டிலின்மேல் வைத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

அறச்சலூர் பள்ளிக்கூட நிறுத்தம். பிள்ளைகள் இறங்கின. இறங்கும்போது எண்ணினேன், பதினொன்று. கதவைத் தாண்டியதும் எல்லாம் காணாமல் போய்விட்டன. தலையைத் திருப்பினேன், கண்ணாடியைப் பார்த்தேன், ஒரு புத்தகப் பை மட்டும் தெரிந்தது, அதுவும் போய்விட்டது. புதுக் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தான். கால் கிளட்சைவிட்டு எழவில்லை. "எல்லாரும் போயாச்சாப்பா" என்று கேட்டேன். போயாச்சு என்றான். மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது பின்னாலிருந்து, "ரயிலு போயிருமுங், எடுங்" என்று சத்தம் வந்தது. பதினொரு பிள்ளைகளும் டயருக்கு அடியில் குனிந்திருப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஈரோடு வரைக்கும் இரண்டாவது கியரில் போனேன். அங்கேயே வண்டியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டு, முதலாளியின் வீட்டுக்குப் போனேன்.

இதுவரை எழுதாததை இங்கே எழுதுகிறேன், வெளியே ஒருவரிடம் சொன்னபிறகுதான் எழுத வருகிறது. எனக்கு இடப்பக்கம் தெரியாது. வலப்பக்கம் பாதி தெரியாது. செப்டம்பர் 15ஆம் தேதி அந்த டாக்டர் பெண், சைக்கிள்கூட ஓட்டக் கூடாது என்று சொன்னாள். நான் விவசாயி என்று சொன்னதால், மாட்டுவண்டிகூட வேண்டாம் என்றாள். வாழைமரம் வலப்பக்கம் கட்டியிருந்தது. இடப்பக்கத்தில் எதுவும் மறைக்கவில்லை.

முதலாளியிடம் எல்லாம் சொன்னேன். அவர் கைபேசியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இப்பப் போயிச் சொல்றீங்களேண்ணா. தீவாளிக்குப் பதிமூணு நாளு இருக்குது. டிரைவர் எங்க கெடைக்கறான்? பகல் நடையாப் பாத்துப் போட்டுத் தர்றேன். தீவாளி வரைக்கும் ஓட்டிக் குடுங்க, அப்பறம் கௌரவமா நின்னுக்கலாம். ஸ்டேஷன்ல சென்னியப்பன்கிட்ட ஒரு வாக்குமூலம் கேக்கறாங்க. அவன் கவனக் கொறைவுன்னு எழுதிக் குடுத்துட்டான்னா முடிஞ்சு போச்சு. அவனுக்குக் கை ஆகாது, நீங்களே போயி எழுதி, கைநாட்டு வாங்கிட்டு வந்துருங்க."

என்னிடமிருந்த மாற்றுச் சாவியை அவருடைய மேசைமேல் வைத்தேன். அவர் அதை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. வாக்குமூலத்துக்கு அவர் கொடுத்த வெள்ளைத்தாளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 8, புதன்

சம்பூர்ணத்திடம் காலையில் சொன்னேன். "தெரியுமுங்" என்றாள். அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு, நானும் வருகிறேன் என்று சேலை மாற்றிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தான். தாளையும் பேனாவையும் பார்த்ததும் அவனாகவே சொல்லத் தொடங்கினான். முதலாளி போனில் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

"எழுதிக்குங்ணா. மேற்படி தேதியில், பூஜையின்போது, என்னுடைய கவனக்குறைவினால், எனது வலது கை..."

நான் எழுதினேன். அவன் சொல்லி முடித்தபின்னும் எழுதிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுப் படித்துக் காட்டினேன்.

"மேற்படி தேதியில் வண்டியை நகர்த்திய ஓட்டுநர் நாச்சிமுத்துவுக்கு இடப்பக்கம் கண் தெரியாது. அது அவருக்கு முன்னமே தெரியும். வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் செப்டம்பர் பதினைந்தாம் தேதி சொல்லியிருந்தார். கண் நன்றாக இருப்பதாக அவர் என்னிடம் பொய் சொன்னார். அதை நம்பித்தான் நான் டயருக்கு முன்னால் குனிந்தேன்."

தெய்வானை கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். சென்னியப்பன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழித்துப் போடுங்கண்ணா என்று சொல்வான் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்றுகூட ஒரு மூலையில் நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை.

"அப்ப மிஷின்ல பாத்தது?" என்று கேட்டான்.

"முழுக்கக் கறுப்பாத்தான் வந்துது."

அவன் இடது கையால் மொட்டைத் தலையைத் தடவினான்.

"ஒரு வரி உட்டுப் போச்சுங்" என்றான். நான் படித்துக் காட்டியதிலிருந்து ஒருமுறைகூட அண்ணா என்று சேர்க்கவில்லை. "குனியறதுக்கு முன்னால நான் உங்களைப் பாத்துக் கையைக் காட்டுனேன். இருங்க, பழம் வெக்கறேன்னு. நீங்க என்னையப் பாத்துத் தலையாட்டுனீங்க. அதுக்கப்பறந்தான் குனிஞ்சேன். அதையும் எழுதுங்."

ஆட்டினேன். யாரோ ஏதோ கை காட்டியிருப்பார்கள் என்று அந்தப் பக்கமாகப் பார்த்துத் தலையாட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்று காட்டிக்கொள்ளக் கூடாதென்று ஆட்டினேன். அவனுக்கு அது நினைவிருக்காது என்று ஏழு நாளாக நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுதினேன். மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னான். படித்தேன். அதற்கப்புறம்தான் இடது கைப் பெருவிரலை நீட்டினான்.